பொங்கலுக்குள் தொட்டியைத் தயார் செய்துவிடு

தூத்துக்குடி,
கார்த்திகை 12

அன்புள்ள செந்திலுக்கு,

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது, முள்ளில் நஞ்சுள்ள கடல்மீனான நம் தேள்மீனைப் பெங்களூருக்கு எடுத்துச் செல்லப்போவதாக நீ சொன்ன நாளிலிருந்து இதை எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தொலைபேசியில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு, மீதியைப் "பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று முடித்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம். வேலைக்குப் புறப்பட்ட அவசரத்தில் நீ இந்த மீனை என்னிடம் விட்டுப்போய் மூன்றரை ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போது விரல் நீளம் இருந்தது, இப்போது ஒரு சாணுக்குச் சற்றுத்தான் குறைவு. இந்த மூன்றரை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி, எப்போது சோறு போடக்கூடாது என்பதைப் பற்றியது.

அதற்கு முன், இன்றே நீ செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. புதுத் தொட்டியை வாங்கி உப்புநீர் நிரப்பி ஓடவிடு. மீன் வந்தபிறகு தொட்டியைத் தயார் செய்யலாம் என்று இருந்துவிடாதே. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கல்லிலும் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். பொங்கலுக்கு ஏறக்குறைய ஏழு வாரம்தான் இருக்கிறது. வெறும் நீரை ஓடவிட்டால் அந்த உயிர்கள் பெருகா. தொட்டியில் ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டால் அவற்றுக்கு உணவு கிடைக்கும். நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, இரண்டும் சுழியமாக நிற்கும் நாளில்தான் தொட்டி தயார் என்று பொருள். இங்குள்ள வடிகட்டியின் பஞ்சையும் இரண்டு கற்களையும் ஈரம் காயாமல் மீனோடு தந்துவிடுகிறேன். இந்த மீன் சாப்பிடுவதும் கழிப்பதும் மொத்தமாக இருக்கும் என்பதால் முந்நூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம்; நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் கட்டாயம் வேண்டும்.

இங்கே எனக்குக் கடல்நீர் எளிதாகக் கிடைத்தது. கரையோர நீரைத் தொடாமல், ஆழக்கடலுக்குப் போகும் படகில் கேன்களில் கொண்டுவரச் சொல்லி, வடிகட்டி இருட்டில் வைத்துப் பயன்படுத்தினேன். அங்கே நீ கடைகளில் கிடைக்கும் கடல் உப்பைத்தான் கலக்கவேண்டும். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கணக்கில் கலந்து, ஒருநாள் முழுக்கப் பம்பில் சுழலவிட்டு, ஒப்படர்த்தி, அதாவது நன்னீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு, 1.023-க்கும் 1.025-க்கும் இடையில் இருப்பதை அளந்து பார்த்தபிறகே ஊற்றவேண்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. நீரை மட்டும் விடு, ஏனென்றால் ஆவியாவது நீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்று. வெப்பநிலை 25, 26 டிகிரியில் நிற்கவேண்டும். சித்திரை, வைகாசியில் நீரைக் குளிர்விப்பதற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். உனக்கு அந்தக் கவலை குறைவு, மாறாக மார்கழி இரவுகளில் ஹீட்டர் இல்லாவிட்டால் மீன் சுருண்டுவிடும்.

இனி உணவைப் பற்றிச் சொல்கிறேன். நீ போன புதிதில், கடைக்காரர் சொன்னபடி வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கோல்டு ஃபிஷ் குஞ்சுகளை உயிரோடு வாங்கிவந்து விட்டுக்கொண்டிருந்தேன். அது விழுங்குவதைப் பார்க்கும்போது பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடுகிறான் என்கிற நிறைவு எனக்கு இருந்தது. எட்டாம் மாதத்தில் அது உணவைத் திரும்பியும் பார்க்காமல், கல்லில் சாய்ந்தபடி வேகவேகமாக மூச்சு வாங்கத் தொடங்கியது. மீன்வளம் படித்த ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னபிறகுதான் எனக்கு விளங்கிற்று: கோல்டு ஃபிஷ் போன்ற நன்னீர் மீன்களில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது; அது உணவிலுள்ள பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். அதையே தொடர்ந்து தின்னும் கடல்மீனுக்கு அந்த வைட்டமின் இல்லாமல் போய் நரம்பு தளரும், ஈரலில் கொழுப்பும் சேரும். ஐஸில் வைத்தாலும் அந்த நொதி அழிவதில்லை என்பதை மறந்துவிடாதே. சில நெத்திலி வகைகளிலும் அது உண்டு என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று நெத்திலியை அன்றாட உணவாக்கிவிடாதே.

உயிருள்ள இரையிலிருந்து அதை மாற்றுவதற்கு எனக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. முதல் ஐந்து நாள் எதுவும் போடவில்லை. அந்த ஐந்து நாளும் நான் அடுக்களைக்கும் தொட்டிக்கும் நடந்த நடை கொஞ்சமல்ல. ஆறாம் நாள் தோலுரித்த இறாலின் மெல்லிய துண்டு ஒன்றை நீளமான பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் லேசாகச் செருகி அதன் முன்னே ஆட்டினேன், முகத்தைக்கூடத் திருப்பவில்லை. பன்னிரண்டாம் நாள் வாயில் இழுத்துத் துப்பியது. பத்தொன்பதாம் நாள் மாலை, விளக்கை அணைத்துவிட்டு அறையின் மங்கலான வெளிச்சத்தில் காட்டியபோதுதான் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் குச்சிதான் அதற்குத் தட்டு.

குச்சியைப் பிடிக்கும் விதத்தை நீ வந்ததும் என் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். துண்டை அதன் வாயில் கொண்டுபோய் இடிக்கக்கூடாது. அரைச் சாண் தள்ளி, இறால் நீந்துவதுபோல் சிறிது அசைத்து, நிறுத்தி, மறுபடி அசைக்கவேண்டும். முதலில் கண் மட்டும் திரும்பும். பிறகு முன்துடுப்புகளை மணலில் ஊன்றி, நகர்வதே தெரியாமல் நகரும். ஒரு கணம் எல்லாமே நின்றுவிடும். அடுத்த கணம் துண்டு குச்சியில் இருக்காது. வாய் திறந்ததை இந்த மூன்றரை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் முழுதாகக் கண்டதில்லை, 'டொப்' என்ற ஒலியை மட்டும் கேட்டிருக்கிறேன். வாயைத் திடீரென்று விரிக்கும்போது நீரோடு சேர்த்து இரையையும் உள்ளே உறிஞ்சிவிடுகிறது. இரையைத் துரத்துவதற்கு ஏற்ற உடம்பு அதற்கு இல்லை. அது அசைந்து வரும் அந்த இடைவெளியில் பொறுமையிழந்து குச்சியை நீட்டிவிட்டால், அன்றைக்கு அது சாப்பிடாது.

செவ்வாய், வெள்ளி என வாரத்துக்கு இரண்டு நாள் போதும். குட்டியாக இருந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தேன். இப்போது அது வளர்ந்துவிட்டது. ஒரு வேளைக்கு அதன் இரண்டு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் இரண்டு அல்லது மூன்று துண்டுகள், வயிறு லேசாகப் புடைத்தால் நிறுத்திவிடவேண்டும். இறாலை மட்டும் கொடுக்காதே. ஒரு வாரம் இறால் என்றால் அடுத்த வாரம் கணவாய், அதற்கடுத்து முள்ளெடுத்த கிழங்கான் மீனின் சதை, எப்போதாவது ஓட்டோடு ஒரு சிறு நண்டு. மாதத்துக்கு இரண்டு முறை மீன்களுக்கான வைட்டமின் சொட்டில் துண்டை ஊறவைத்துக் கொடு. தின்னாமல் துப்பியதைக் கால்மணி நேரத்துக்குள் இடுக்கியால் எடுத்துவிடு. அது நீ வரும்போதெல்லாம் கண்ணாடியருகே வந்து வாயைப் பார்க்கும். எந்நேரமும் பசியோடு இருப்பதுபோலவே தெரியும். இரை எப்போது வாய்க்கும் என்று தெரியாமல் காத்துக்கிடந்து கிடைத்தபோது விழுங்கும் இனம் அது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அதற்காக நீதான் சொல்லவேண்டும். ஒரு வாரம் நீ வெளியூர் போனால் பட்டினி கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டாரிடம் உணவைக் கொடுத்துவிட்டு மட்டும் போகாதே.

இனி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். சென்ற ஆடி மாதத்தில் அது என் விரலில் குத்திவிட்டது. கவலைப்படுவாய் என்றுதான் மறைத்தேன். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவதற்குக் கையை விட்டேன். எப்போதும் இடது மூலையில் கல்லடியில் கிடக்கும் மீன், அன்று வடிகட்டிக் குழாயின் பின்னால் ஒட்டிக்கிடந்தது. பாசி படிந்த கல்லென்று நினைத்து அதன் முதுகின்மேல் மோதிர விரலை வைத்துவிட்டேன். அது என்னைத் தாக்கவில்லை. முதுகு முள்ளை விறைத்ததைத் தவிர வேறெதையும் செய்யவில்லை. சில நிமிடங்களில் வலி விரலிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து அக்குளுக்கும் ஏறியது. உன்னைப் பெற்ற வலிக்குப் பிறகு அப்படியொரு வலியை நான் கண்டதில்லை. எதிர்வீட்டு மேரி அக்காதான் ஓடிவந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

அன்று செய்ததை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும் புரதம். கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில், குத்துப்பட்ட கையை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை மூழ்கவைக்கவேண்டும்; ஆறினால் மாற்றவேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துப் பார், ஏனென்றால் வலிக்கிற கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடக்கூடும். ஐஸ் வைக்காதே, கயிற்றால் இறுக்காதே, கீறாதே. பிறகு மருத்துவமனைக்குப் போய் முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வெந்நீருக்காகக் காத்திருக்காமல் உடனே புறப்படு. எனக்கு ஒரு மணி நேரத்தில் வலி தணிந்தது, வீக்கம் வற்ற மூன்று நாள் ஆயிற்று. முதுகில் மட்டுமல்ல, வயிற்றுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் நஞ்சு முட்கள் உண்டு. இனி உன் வீட்டில் ஒரு சட்டம்: மீன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் கை நீருக்குள் போகக்கூடாது. பார்த்தபிறகும் நீளப்பிடித் தூரிகையையே பயன்படுத்து.

கண்ணுக்கு அகப்படாமல் இருப்பதில் இந்த இனம் எவ்வளவு தேர்ந்தது என்பதற்கு நம் கடலிலேயே சான்று இருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் சேதுக்கரைக்கு அருகே கடற்புல் படுகையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் அரிய தேள்மீன் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். முதல் பார்வையில் அது மீனா, பவளத்தின் எலும்புக்கூடா என்று அவர்களுக்கே தெரியவில்லையாம், தொட்டபிறகு நிறம் மாறியதாம். நம் ஊரில் தேளி என்று குளத்து மீனைச் சொல்வார்களே, அதன் முள்ளும் கடுக்கும். ஆனால் அது வேறு இனம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடு, பெயரைக் கேட்டுவிட்டுக் கை விட்டுவிடப் போகிறார்கள்.

கற்களை வாங்கும்போது கடலிலிருந்து எடுத்த பவளத்தை யார் கொடுத்தாலும் வாங்காதே. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சுட்ட மண்ணால் செய்த கற்களே போதும். அது ஒளிய ஒரு பொந்தும், சாய்ந்துகொள்ள ஒரு பலகைக் கல்லும் இருந்தால் நிறைவடைந்துவிடும். துணைக்கு மீன் விடவேண்டும் என்று உனக்குத் தோன்றும். வாயில் அடங்கும் எதுவும் அதற்கு இரைதான். அடங்காத பேத்தை, கிளாத்தி போன்றவை அதன் துடுப்பைக் கடித்து எடுத்துவிடும். தனியாகவே இருக்கட்டும்.

சில நாட்களில் அதன் உடல் மங்கி, மேலே வெள்ளைப் படலம் கட்டியதுபோல் தெரியும். முதல் தடவை நான் நோயென்று நினைத்து மருந்து ஊற்றப்போனேன். அது தோல்மேல் படலத்தை உரிக்கிறது. உடம்பை முறுக்கி, கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளந்து, ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் பாசியோடு சேர்ந்து அந்தப் படலம் கழன்று மிதக்கும். அதை எடுத்து எறிந்துவிட்டால் போதும். முந்தாநாள் இரவுகூட உரித்தது. இப்போது செங்கல் நிறத்தில் புதிதாக இருக்கிறது.

பயணத்துக்குக் காரிலேயே வா. இரண்டு நாள் முன்பே உணவை நிறுத்திவிடுவேன், வழியில் நீர் கெடாது. வலையால் பிடித்தால் முள் சிக்கி அதுவும் காயப்படும், எடுக்கிறவரும் காயப்படுவார். ஆகையால் நீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஓட்டி ஏற்றுவோம். பிளாஸ்டிக் பையை முள் கிழித்துவிடும் என்பதால் மூடியுள்ள இருபது லிட்டர் வாளி ஒன்றும், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் கொண்டுவா. அந்தப் பம்ப் மின்வெட்டுக்கும் உதவும். போய்ச் சேர்ந்ததும் உன் தொட்டி நீரை மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் வாளியில் விட்டபிறகு இறக்கு. முதல் வாரம் சாப்பிடாவிட்டால் பயந்துபோய்க் கோல்டு ஃபிஷ் வாங்க ஓடாதே, எனக்குத் தொலைபேசி செய்.

என்றாவது வளர்க்க இயலாமல் போனால் எங்கும் விட்டுவிடாமல் என்னிடமே கொண்டுவா. இதன் உறவான சிங்கமீன், அந்தப் பக்கத்துக்கே உரியதல்லாதது, 1985-இல் ஃபுளோரிடாக் கடலில் காணப்பட்டது. தொட்டி வளர்ப்பவர்கள் விட்டதிலிருந்து வந்திருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது. இன்று அட்லாண்டிக் கரையிலும் கரிபியன் கடலிலும் அது தின்று தீர்க்கும் குஞ்சுகளுக்கு அளவில்லை. இந்தத் தொட்டியை நான் காலிசெய்யப் போவதில்லை, நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை. இரண்டு துண்டு கணவாய் எடுத்துக்கொண்டது. மூன்றாவதையும் கேட்டது, கொடுக்கவில்லை. குச்சியைக் கழுவி மாட்டிவிட்டுத்தான் இதை எழுதி முடிக்கிறேன். வாளி வாங்கியதும் அதன் உயரத்தை அளந்து சொல்.

அன்புடன்,
அம்மா