பின்னால் வரும் கார் பற்றி

தருமபுரி

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்ததா? உன் வாய்ஸ் மெசேஜுக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபம் ஒன்றும் காரணமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் முழுசாகப் படித்துத்தான் தீரவேண்டும்.

நீ வாங்கின மோட்டார்ஹோம் போட்டோவை நம் கூட்டாளி ஜாவாவிடம் காட்டினேன். "டவுன் பஸ்ஸை வாங்கி சைடில் தகரம் அடிச்சுட்டானா?" என்றான். அவனை விடு, பொறாமை. எனக்கும்தான். உள்ளேயே அடுப்பு, கட்டில், கக்கூஸ்! வேலையை விட்டதும் ஊர் சுற்றுவேன் என்று நீ சொல்லும்போதெல்லாம் கிண்டல் செய்தோம், செய்து காட்டிவிட்டாய்.

ஆனால் மகளுடைய பழைய ஹோண்டா சிஆர்-வி காரை டோ பாரில், அதான் அந்த இழுவைக் கம்பியில் மாட்டி, நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அங்கே அமெரிக்காவில் அது சகஜம் என்று தெரியும். இங்கே அப்படி ஊர் சுற்ற முடியாது. 1989-ல் போட்ட சாலை விதியில் பழுதான வண்டியைப் பக்கத்து பட்டறை வரைக்கும்தான் இழுக்கலாம் என்று இருந்தது, அதுவும் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள். ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும், இல்லையென்றால் முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்ட வேண்டும் என்றும் இருந்தது. 2017-ல் அதற்குப் பதில் புது விதி வந்துவிட்டது. நீ ஆளில்லாத காரை ஹைவே வேகத்தில் இழுக்கப்போகிறாய்.

முதலில் கார் எந்த வருஷத்து மாடல்? அதைச் சொல்லவே இல்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. அங்கே 2014 வரை வந்த சிஆர்-வி-யை இப்படி இழுக்கலாம். அதற்கும் கிளம்புமுன் எஞ்சினை ஓடவிட்டு, கியரை மாற்றி மாற்றிப் போட்டு, நியூட்ரலில் வைக்கிற ஒரு முறை உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் வரி வரியாக இருக்கும். 2015 மாடலில் சிவிடி என்கிற வேறு மாதிரி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது. அதை இப்படி இழுக்கவே கூடாது. பேர் ஒன்று, பார்க்கவும் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே வேறு.

காரணம் உனக்கே புரியும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றிவிடும் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்று, சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே எல்லாம் சுற்றும், ஆயில் போகாது. காவேரிப்பட்டணத்தில் நின்றுபோன ஓர் ஆட்டோமேட்டிக் காரை, மச்சானின் ஜீப்பில் கட்டி என் பட்டறைக்கே இழுத்து வந்தார் ஒருவர். வாசலில் நிற்கும்போதே கருகல் வாடை. டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் சிவப்பாக வரவேண்டிய ஆயில் கறுப்பாக ஒழுகுகிறது. விரலில் தேய்த்தேன், மினுமினு என்று இரும்புத்தூள். வண்டி நின்றதற்குக் காரணம் ஒரு பெல்ட் அறுந்தது, அவ்வளவுதான். பெல்ட்டுக்குப் போகவேண்டிய காசு கியர்பாக்ஸுக்குப் போனது. உன் கார் 2015 மாடலோ அதற்குப் பிந்தையதோ என்றால் டோ பார் பேச்சையே விடு. முன்சக்கர டிரைவ் என்றால் முன்பக்கத்தைத் தூக்கி வைக்கும் டாலி என்ற சின்ன இழுவை வண்டி, நாலு சக்கர டிரைவ் என்றால் முழு டிரெய்லர்.

இழுக்கிற கார்தான் என்றால் அடுத்தது எடை. மோட்டார்ஹோம் பின்னாலுள்ள ஹிட்ச்சில், அதான் பாரை மாட்டும் இடத்தில், எவ்வளவு இழுக்கலாம் என்று ஓர் எடை போட்டிருக்கும், டோ பாரில் ஒன்று, காரின் அடியில் போல்ட் போடும் பேஸ் பிளேட்டில் ஒன்று. எது குறைவோ அதுதான் உன் கணக்கு. இரண்டு வண்டியும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று கம்பெனி தனியாக ஒரு எடை கொடுத்திருக்கும். அதில் தங்கச்சியின் அரிசி மூட்டையையும் தண்ணீர் டேங்கையும் சேர்த்துக்கொள். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். "மோட்டார்ஹோம் பெரிசு சார், பின்னால் கார் இருக்கிறதே தெரியாது, காருக்குத் தனி பிரேக் எல்லாம் வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாய். தெரியாதுதான், மேடு ஏறும் வரைக்கும், சமதளம் வரைக்கும். இறக்கத்தில் தெரியும். ஒன்றரை டன் உன் முதுகில் கை வைத்துத் தள்ளும். நான் இத்தனை வருஷமாகக் கிரேன் வைத்துத் தூக்குவது எங்கிருந்து? தொப்பூர் கணவாயிலிருந்து. மேலே வரும்வரை எல்லா வண்டிக்கும் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே மிதித்து இறங்குவார்கள். டிரம் சூடேறி, லைனிங் புகைந்து, இரட்டைப் பாலம் வரும்போது மிதித்தாலும் பிடிக்காது. அப்புறம் எனக்குப் போன் வரும். எந்த நேரத்தில் போன் அடித்தாலும் உன் மாமி முகம் மாறிவிடும். அங்கே கிடப்பதை எல்லாம் உனக்கு எழுத மாட்டேன்.

நீ மலை ரோட்டில் போகப்போகிறாய், பக்கத்தில் என் தங்கச்சியை உட்கார வைத்துக்கொண்டு. அதனால் காருக்குத் தனி பிரேக் வாங்கு. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதைக் காட்டி என்னிடம் வாதாடாதே. பெடலில் கவ்விக்கொண்டு, நீ பிரேக் போடும்போது தானும் மிதிக்கும் பெட்டி இருக்கிறது. மாட்டுமுன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலைச் சில தடவை மிதித்து, மிதிக்கு பலம் கூட்டுகிற பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தைக் காலி பண்ணு. இல்லையென்றால் பெட்டி தேவைக்கு மேல் அழுத்தி வழியெல்லாம் பிரேக் தேய்ந்துகொண்டே வரும். கூடவே பிரேக்அவே சுவிட்ச். கார் கழன்றால் ஒயர் இழுத்து, சுவிட்சில் செருகியிருக்கும் ஊசி பிடுங்கி, காரில் தானாகப் பிரேக் விழும். அந்த ஒயரை டோ பாரிலோ சங்கிலியிலோ கட்டிவிடாதே, மோட்டார்ஹோமில் கட்டு. பார் கழன்றால் ஒயரும் கூடவே போய்விட்டால் என்ன பிரயோஜனம்? சங்கிலி இரண்டையும் பாருக்கு அடியில் குறுக்காகப் போடு, பார் விழுந்தாலும் ரோட்டில் குத்தாமல் ஏந்திக்கொள்ளும். பார் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கணும். மூணு நாலு இஞ்சுக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் உயரத்தைச் சரிசெய்ய ஒரு துண்டு விற்கிறார்கள், அதைப் போடு.

இறக்கத்தில் முதலிலேயே கியரைக் குறைத்துவிடு. பிரேக்கை விட்டு விட்டுப் போடு, மேலேயே காலை வைத்துக்கொண்டிருக்காதே.

அப்புறம் ரிவர்ஸ். டோ பார் போட்டால் ரிவர்ஸே கிடையாது. பின்னால் தள்ளினால் காரின் முன்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பி, பார் வளைந்து போகும். டிரெய்லரைப் பழக்கத்தில் பின்னால் தள்ளலாம், இதை யாராலும் முடியாது. பெட்ரோல் பங்க்கில் நுழையுமுன் வெளியே போக வழி இருக்கிறதா என்று பார். உன் ரிவர்ஸை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்தவர்கள் நாங்கள், அதனால் இந்தச் செய்தி எங்களுக்கு நிம்மதி. கழற்றும்போது சமதளத்தில் நேராக நிறுத்திக் கழற்று. திருப்பத்தில் நிறுத்தினால் பாரை மாட்டியிருக்கும் ஊசி இறுகிக்கொள்ளும். உடனே சுத்தியலைத் தேடுவாய், தெரியும்.

மாங்காய் விலை இந்த வருஷமும் அடிமாட்டு விலைதான், தோட்டத்துக்காரர்கள் பறிக்கிற கூலி கூட வரவில்லை என்கிறார்கள். நம் கூட்டாளி பாய்லர் சுகர் ஏறி ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறான், ஒரு போன் போட்டுப் பேசு. ஜாவா மகளுக்கு ஆவணியில் கல்யாணம், வரப்பார்.

காரின் வருஷத்தையும், அதன் புத்தகத்தில் இழுப்பது பற்றிய பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. கல்யாணத்துக்கு வந்தால் அந்த பிரேக்அவே சுவிட்ச் ஒன்று வாங்கி வா. பிரித்துப் பார்க்கணும்.

உன்
நெட்டை