நிகழ்ச்சிக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அந்த ரியாலிட்டி ஷோ வீட்டுக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நீ சொன்னதாலும், போனில் பேசினால் உன் சிரிப்பில் பாதி விஷயம் கரைந்துபோய்விடும் என்பதாலும், சொல்ல வேண்டியதை இம்முறை தாளில் எழுதுகிறேன். பெட்டியில் துணிகளுக்கு அடியில் போட்டுவிடாமல், கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்.

பாராலிம்பிக் நீச்சல் வீராங்கனையை ரியாலிட்டி ஷோவுக்கு அழைத்ததில் எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. 2008இல் பெய்ஜிங்கில் 13 வயதிலேயே இரண்டு தங்கம் வென்ற எல்லி சிம்மண்ட்ஸ், நீச்சலிலிருந்து ஓய்வு பெற்றபின் 2022இல் பிரிட்டனின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’ மேடையில் தன்னைவிட மிக உயரமான ஜோடியோடு ஆடினார். 2012இல் லண்டனில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற விக்டோரியா ஆர்லன், பல ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்துவிட்டு மீண்டும் நடக்கப் பழகி, 2017இல் அமெரிக்காவின் ‘டான்ஸிங் வித் த ஸ்டார்ஸ்’ போட்டியில் அரையிறுதி வரை போனார். ஆகவே வழி ஏற்கெனவே போட்டாயிற்று. எனக்குக் கவலையெல்லாம், உன் கதையை எந்த மெட்டில் பாடப் போகிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

சென்ற வாரம் அந்தக் குழுவினர் எங்களையும் படம்பிடிக்க வந்திருந்தார்கள். உன் சிறுவயதுப் புகைப்படத்தை அம்மாவின் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் பார்க்கச் சொன்னார்கள். வெளியே துணி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அதைத்தான் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் படத்தில் அது வேறு விதமாகத் தெரியும். ‘கால் போன அன்று எப்படி இருந்தது’ என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் உன் தோள் சுழற்சியைப் பற்றியே பதில் சொன்னேன். ஒற்றைக் காலால் உதைக்கும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, அந்தக் கால் குறுக்கே போய் எடையைச் சமன் செய்கிறது என்பதையும், திரும்பும் சுவரில் மற்றவர்கள் இரண்டு கால்களால் உந்துவதை நீ ஒன்றாலேயே செய்ய வேண்டியிருப்பதையும் விளக்கினேன். கேமராக்காரத் தம்பி ஆர்வமாகக் கேட்டான். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். என் பேட்டி ஒளிபரப்பாகும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

அவர்களுக்கு வேண்டியது கண்ணீர். உன்னிடம் கைவசம் இருப்பதோ கேலி. அதனால்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீ சொல்கிறாய், இருக்கலாம். ஆனால் உன் கேலியில் இரண்டு வகை உண்டு என்பதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒருமுறை குளத்தங்கரையில் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு நீச்சல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். ஒரு சிறுவன் வந்து, ‘அக்கா, உங்க கால் எங்கே?’ என்றான். நீ திடுக்கிட்டவள்போலக் குனிந்து பார்த்து, ‘அய்யோ, இங்கேதானே வச்சிருந்தேன், நீ எடுத்தியா?’ என்று கேட்டாய். அவன் உண்மையிலேயே பெஞ்சுக்கு அடியில் புகுந்து தேட ஆரம்பித்துவிட்டான். அவனுடைய தாய்க்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நீ எந்தப் பிரிவில் நீந்த வேண்டும் என்று முடிவுசெய்யும் வகைப்படுத்தும் சோதனையிலும் அப்படித்தான்: மேஜையில் படுக்க வைத்துத் தசை வலுவைச் சோதித்து, பின்னர் தண்ணீரில் நீந்த வைத்துப் பார்த்து, போட்டியிலும் கவனித்து, ஒருவழியாக எஸ்9 பிரிவு என்று எழுதிக் கொடுத்தபோது, ‘ஒரு கால் இல்லை என்று கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா?’ என்று கேட்டு அந்த மருத்துவரையே சிரிக்க வைத்தாய். இது முதல் வகை. இதில் கடிவாளம் உன் கையில் இருக்கிறது.

இரண்டாவது வகை, களைத்திருக்கும் நேரத்தில், எதிரில் இருப்பவர் சங்கடப்படுவதற்கு முன்பே நீயாக முந்திக்கொண்டு உன் காலைப் பற்றி ஒன்றைச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிடுவது. அப்போது உன் வாய் மட்டும்தான் சிரிக்கும். பகல் முழுவதும் கேமரா ஓடும் வீட்டில், மூன்றாம் நாளே யாராவது ‘காலைப் பற்றி ஏதாவது சொல்லேன்’ என்று கேட்பார்கள். விருப்பமில்லை என்றால் சொல்லாதே. கோபம் வந்தால் கோபப்படு. புரோமோவில் அதை நாலு முறை போடுவார்கள், போட்டுக்கொள்ளட்டும். கலகலப்பான பெண் என்று பெயர் வாங்கியவளுக்கு எரிச்சலே வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

கேள்வி கேட்பவர்களை மட்டும் விரட்டாதே. 2012 லண்டன் பாராலிம்பிக்கின்போது பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் ஆடம் ஹில்ஸ் ஓர் இரவு நிகழ்ச்சியை நடத்தினார். வலது பாதம் இல்லாமல் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் அவர். ‘இதைக் கேட்கலாமா?’ என்று பார்வையாளர்கள் தயங்கித் தயங்கி அனுப்பிய கேள்விகளையெல்லாம் அங்கே எடுத்துவைத்துப் பேசினார்கள், நாடே சிரித்தது. அதேபோல் நீயும் உன் தொழிலைப் பேசு. கைகள் இல்லாத சீன வீரர் ஜெங் தாவ், மல்லாந்து நீந்தும் போட்டியில் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு புறப்படுவதையும், தலையால் சுவரைத் தொட்டு முடிப்பதையும், அப்படியே டோக்கியோவில் நான்கு தங்கம் எடுத்ததையும் சொல்லிப் பார். உணவு மேஜையில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். பார்வையற்றவர்களுக்குச் சுவர் நெருங்குவதைத் தெரிவிக்க, நுனியில் மென்பஞ்சு வைத்த கோலால் தட்டுவதற்கென்றே ஓர் ஆள் நிற்பார் என்பதே பலருக்குத் தெரியாது.

அனுதாப ஓட்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். வருவதை வேண்டாம் என்று சொல்லாதே. நீயாகப் போய்க் கேட்காதே. அவ்வளவுதான்.

செயற்கைக் காலுக்குள் போடும் உறையான லைனர் கூடுதலாக இரண்டு எடுத்துக்கொள். விளக்கு வெளிச்சத்தில் வியர்த்து, தோல் உரிந்துவிட்டால் டாஸ்க்கும் கிடையாது, திரும்பி வந்ததும் பயிற்சியும் கிடையாது. இரவில் காலைக் கழற்றியபின் குளியலறைக்குப் போக, சுவரில் கைப்பிடி பொருத்தித் தரச் சொல்லி இப்போதே எழுத்தில் கேட்டுவிடு. உள்ளே போனபின் கேட்டால் அதையும் ஓர் உருக்கமான காட்சியாக்கிவிடுவார்கள்.

வீட்டில் நீச்சல் குளம் இருப்பதாகச் சொன்னாய். இருந்தால் கட்டாயம் அதில் ஒரு போட்டி வைப்பார்கள். உன் காலைப் பார்த்து, உனக்குச் சில விநாடிகள் சலுகை தரலாமா என்று யாராவது ஒரு நல்லவர் கேட்பார். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா