பழைய கணினி வாங்குகிறவர்கள் இந்தப் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருப்பூரில் 17 வருடங்களாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். போன மாதம் ஓர் ஏற்றுமதி அலுவலகத்துக்கு 14 பழைய கணினிகளை மாட்டிக் கொடுத்தேன். அங்கே பார்த்ததை வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாமே பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட, வி-ப்ரோ ஸ்டிக்கர் ஒட்டிய கணினிகள். 2006இல் இன்டெல் கொண்டுவந்த இந்த வகையில் ஏ.எம்.டி. என்றொரு வசதி உண்டு (பிராசசர் செய்யும் ஏ.எம்.டி. நிறுவனம் வேறு). இருந்த இடத்திலிருந்தே இன்னொரு கணினியை ஆன் செய்யலாம், அதன் திரையைப் பார்க்கலாம், கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை புரோகிராமுக்குள்கூடப் போகலாம். மதர்போர்டில் தனியாக ஓடும் ஒரு குட்டிக் கணினி இதைச் செய்வதால் விண்டோஸ் கெட்டுப்போயிருந்தாலும் நடக்கும். கணினியை அணைத்திருந்தாலும் கரண்டும் நெட்வொர்க் கேபிளும் இருந்தால் போதும். விண்டோஸில் போட்ட ஃபயர்வாலுக்கு (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) இது எதுவும் தெரியாது.

நல்ல வசதிதான். முன்பெல்லாம் டேலி ஓடும் கணினி ராத்திரி நின்றுவிட்டால் பைக்கில் அவிநாசி வரை போவேன். இப்போது வீட்டிலிருந்தே வி.பி.என். என்ற பாதுகாப்பான இன்டர்நெட் இணைப்பு வழியாகச் சரிசெய்கிறேன்.

சிக்கல் பாஸ்வேர்டில். கணினி ஆன் ஆகும்போது கன்ட்ரோலையும் ‘பி’யையும் சேர்த்து அழுத்தினால் இதன் செட்டிங்ஸ் வரும். தயாரித்த கம்பெனியிலிருந்து வரும்போது பாஸ்வேர்டு ‘அட்மின்’. அதை மாற்றாமல் விட்டால், யாரோ ஒருவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து தன் பாஸ்வேர்டைப் போட்டு, நெட்வொர்க் வழியைத் திறந்துவிட்டுப் போய்விடலாம். பயாஸ் பாஸ்வேர்டு இதைத் தடுக்காது என்று எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2018 ஜனவரியிலேயே எச்சரித்தது.

அந்த 14இல் 11 கணினிகள் ‘அட்மின்’ என்றதும் திறந்துகொண்டன. மீதி மூன்றில் பழைய கம்பெனி வைத்த பாஸ்வேர்டே இருந்தது. பக்கத்துக் கணினியின் பிரௌசரில் இந்த வசதிக்கான நெட்வொர்க் வாசல் எண்ணான 16992 போர்ட்டைப் போட்டதும் லாகின் பக்கம் வந்து நின்றது. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவரின் சாவி அந்த அலுவலகத்துக்குள் அப்படியே இருந்திருக்கிறது! மதர்போர்டு பேட்டரியைக் கழற்றித்தான் அழித்தேன். எல்லா மாடலிலும் இது பலிக்காது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகும் ஓட்டை ஒன்றும் 2017 மே மாதம் வெளியே வந்தது. இரண்டு கணினிகளில் அதை அடைக்கும் ஃபர்ம்வேர் (மதர்போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டைக்கூட யாரும் போட்டிருக்கவில்லை.

பழைய கணினி விற்கும் கடைக்காரர்களே, ஹார்டு டிஸ்க்கை அழிப்பதோடு இதையும் அழித்துக் கொடுங்கள். வாங்குகிறவர்கள், வசதி வேண்டாம் என்றாலும் முதலில் சொந்தப் பாஸ்வேர்டு வைத்துவிட்டு அப்புறம் அணையுங்கள். வேண்டும் என்றால், தூரத்திலிருந்து திரையைப் பார்க்குமுன் அந்தக் கணினியின் முன் இருப்பவரிடம் ஆறு இலக்க எண் கேட்கும் முறையை வையுங்கள். ரூட்டரில் 16992 முதல் 16995 வரையுள்ள போர்ட்டுகளை வெளியே திறக்கவே கூடாது.

14 பாஸ்வேர்டுகளையும் ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என்னைப் போன்ற சர்வீஸ்காரர்கள் அதைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்பவர்,
திருப்பூர்.