எண்ணை நம்பி ஏமாறலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காற்றாலை போல்ட் இறுக்கத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளப்பது பற்றிய செய்தி படித்தேன். போல்ட்டுக்குள் ஒலியலையை அனுப்பி, மறுமுனையில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து, இறுக்கியதில் போல்ட் எவ்வளவு நீண்டது என்று காட்டும் கருவி அது. திருகு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை விட இது மேல்தான்; ரெஞ்சில் போடும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும்.

ஆனால் திரையில் வரும் எண்ணை மட்டும் நம்பினால் வம்பு. முப்பந்தல் காற்றாலை ஒன்றில் ஒரு போல்ட் மட்டும் தாறுமாறாக நீண்டதாகக் காட்டியது. அலைவடிவத்தைத் திறந்து பார்த்தால், எதிரொலியின் முதல் முகட்டை விட்டு அடுத்ததைப் பிடித்திருக்கிறது கருவி! 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியலையில் ஒரு முகடு தவறினாலே அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகும். போல்ட் தலையிலிருந்த பெயின்டைச் சுரண்டி, ஒலி உள்ளே போகத் தடவும் கிளிசரினைப் புதிதாகத் தடவியதும் சரியாகிவிட்டது. வெயிலில் காய்ந்த போல்ட்டும் இப்படித்தான், வெப்பநிலையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பொய் சொல்லும்.

இப்போது வரும் பையன்களிடம் கருவியைக் கொடுக்கிறார்கள், அலையைப் படிக்க யாரும் சொல்லித் தருவதில்லை.

ஓய்வுபெற்ற காற்றாலைப் பராமரிப்பாளர்,
ஆரல்வாய்மொழி