ஊசியில்லா ரத்தப் பரிசோதனை

ஐயா,

விரல் நுனியில் ஒளியைச் செலுத்தி, ஊசி குத்தாமலே ஹீமோகுளோபின் அளக்கும் கருவிகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் செய்தியில் வேகம் பேசப்பட்ட அளவுக்குத் துல்லியம் பேசப்படவில்லை. கொரோனா காலத்தில் வீடுதோறும் நுழைந்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் இதே வகைதான்: சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது. அதுவே கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று உறுதிசெய்தது. அங்கே கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவு கண்ணில் படாமல் போனது, வெள்ளையர்களிடம் நேர்ந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் ஊர்த் தோல் நிறத்துக்கு இது அயலார் பிரச்சினை அல்ல.

ஆய்வக நுட்பநராகப் பணியாற்றியபோது, நகப்பூச்சை அழித்தபின் அதே விரலில் ஆக்சிமீட்டரின் எண் மாறியதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழே போனால் பொதுவாக ரத்தசோகை. ஒரு கிராம் பிசகினால் 10.4 என்பது 11.4 ஆகிவிடும், அவரும் நிம்மதியாக வீடு திரும்பிவிடுவார். எனவே மொத்தமாகக் கொள்முதல் செய்யுமுன், நம் மக்களிடமே சிரையிலிருந்து ஊசியால் எடுக்கும் ரத்தத்தின் முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதை அரசு வெளியிட வேண்டும். அப்புறமும், 12-க்குக் கீழ் காட்டுகிற கர்ப்பிணிகளுக்கு ஊசிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாம்.

– ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர், தஞ்சாவூர்