வலை வைக்கப் போவதை வலைக்காரரிடம் சொல்லக் கூடாதா?

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஆண்கள் வார்டில் இரணியா என்கிற குடலிறக்க ஆபரேசனுக்குப் படுத்திருந்த பாம்பன்காரரை நினைவிருக்கும். மூன்று முறை தேதி மாறியவர். அவர் என் அப்பா.

எங்கள் கரையில் இந்த ஆபரேசனை ஏன் மீன்பிடித் தடைக்காலத்துக்கென்று தள்ளிவைக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். அதற்குள் அறுத்து, தையல் ஆறி, சில வாரமாவது கனம் தூக்காமல் இருந்து எழ வேண்டும்.

முதல் தேதிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு, "இனி பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது" என்றார்கள். அப்பா சர்க்கரைக்காரர். காலை ஏழு மணிக்குப் பச்சை அங்கியை மாட்டி தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். வாய் கொப்பளிக்கக்கூட பயந்தார். மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று நான் பிறகுதான் அறிந்தேன். மாலை மூன்றரைக்கு ஒருவர் எட்டிப் பார்த்தார்: "பெரிசு, இன்னைக்கு இல்ல, போய்ச் சாப்பிடு." எழுந்த அப்பாவுக்குக் கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். மறுநாளும் இதே கதை.

அவசரக் கேஸ் வந்திருக்கலாம். பிரசவம் என்றால் அப்பாவே எழுந்து வழிவிடுவார். அதைக் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து சொல்லக் கூடாதா? கடலில் காற்று என்றால் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது என்று மீன்துறைகூட முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

மூன்றாம் முறை நான் காரணம் கேட்டேன். "பத்து வருசமா வச்சிருந்தீங்கல்ல, இப்ப என்ன அவசரம்?" என்றார் ஓர் இளம் டாக்டர். என் வயதுதான் இருக்கும்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கூடவே மைப்பெட்டியை நீட்டினார்கள். அப்பா ஒன்பதாவது வரை படித்தவர், பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வயிற்றுக்குள் ஒரு வலை வைத்துத் தைப்பார்கள் என்பதைப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். நாற்பது வருடம் வலையோடு கிடந்த மனிதர். "என்ன கண்ணி, நைலானா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

செய்யப்போவது என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்பதை நோயாளிக்கு விளக்கியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. பாம்பன் பாலம் தாண்டித் தீர்ப்பு வர இன்னும் எத்தனை வருடமோ! "சிலோன் நேவிக்காரன்கூட எதுக்குப் பிடிக்கிறோம்னு சொல்லிட்டுத்தான் பிடிக்கிறான்" என்கிறார் அப்பா.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். உங்கள் வேலைப்பளு தெரியும். தேதி மாறினால் மாறட்டும், காரணத்தோடு காலையிலேயே சொல்லுங்கள். ஒப்புதல் தாளைத் தமிழில் கொடுத்து, அப்பாவிடமே உட்கார்ந்து பேசுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கேஸ் சீட்டில் இருக்கிறது.

ஜூன் 15 அன்று படகு இறங்குகிறது. அப்பா இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறப் போகிறார். அடுத்த தேதி எது என்று அதற்கு முன்னால் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மீனவர் மகள்,
பாம்பன்