காகிதம் வந்த பிறகு கடப்பாரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதிக்கு ஃபைபர் இணைப்பு வரத் தாமதமாவதற்கு சாலையைத் தோண்டுவதற்கான அனுமதியான ‘வேலீவ்’ வாங்க அலைவதுதான் காரணம், அந்த முறையையே எடுத்துவிட்டால் என்ன என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் ஆத்திரம் புரிகிறது. ஆனால் பதினெட்டு வருடமாக அந்த விண்ணப்பங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வேலீவ் இல்லாமல் தோண்டினால் என்ன ஆகும் என்பதை ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா பகுதியில் என் வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் சாலையிலோ அதன் ஓரத்திலோ யார் தோண்டினாலும் நகரச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜோகன்னஸ்பர்க் ரோட்ஸ் ஏஜென்சியின் வேலீவ் வேண்டும். அதைப் பலர் ஒரு ரப்பர் ஸ்டாம்பு என்றே நினைக்கிறார்கள். உண்மையான வேலை ஸ்டாம்புக்கு முன்னால் நடக்கிறது. நாங்கள் போட்ட வரைபடம் தண்ணீர், மின்சாரம், எரிவாயு, தொலைபேசி என்று ஒவ்வொருவரிடமும் போகும். அவரவர் குழாயும் கேபிளும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று அதிலே குறித்துத் தருவார்கள். என் மேசையிலிருந்து ஒரே ஒரு கோட்டோடு போன தெரு, திரும்பி வரும்போது ஐந்தாறு கோடுகளோடு வரும். ஒருமுறை நாங்கள் பள்ளம் வெட்ட நினைத்த இடத்திலேயே 11,000 வோல்ட் கேபிள் போவதாகக் குறித்து வந்தது. கடப்பாரை பிடிக்கவிருந்த பையன்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2023 ஜூலை 19 அன்று நகரின் நடுவே லிலியன் ங்கோயி தெரு வெடித்துப் பிளந்ததே, நினைவிருக்கிறதா? ஒருவர் இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அது யாரோ பள்ளம் வெட்டியதால் நேர்ந்ததல்ல. ஆனால் நாம் நடக்கிற தாருக்குக் கீழே என்னென்ன இருக்கின்றன என்பதை ஊருக்கே காட்டிய நாள் அது.

என் வாசல் கதைக்கு வருகிறேன். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள் எங்கள் தெருவில் இறங்கினார்கள். “பேப்பர் திங்கட்கிழமை வந்துவிடும்” என்றார் மேஸ்திரி. பத்து மணிக்குள் தண்ணீர்க் குழாய் உடைந்தது. கீழே என்ன போகிறது என்று முதலில் தோண்டிப் பார்க்கும் சோதனைக் குழி ஒன்றுகூட அவர்கள் போடவில்லை. இரண்டு நாள் பக்கத்துத் தெருவிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தோம்.

அதைக்கூட மறந்துவிடலாம். வெட்டிய மண்ணை முழுக்க நடைபாதையில் குவித்து வைத்திருந்தார்கள். நடப்பவர்களுக்கு மாற்று வழி இல்லை, தடுப்பு இல்லை. அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே ஒரு ஆரஞ்சுக் கூம்பு. அடுத்த வீட்டு ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது. கோயிலுக்கென்று ஒரு கையில் பூவும் ஒரு கையில் பால் பாத்திரமுமாக வந்தவர், மண்மேட்டைச் சுற்றப் போய்த் தார்ச்சாலையில் இறங்கினார். வந்த கார் ஹார்ன் அடித்ததும் பதறிப் பின்னால் நகர்ந்தவர் சரிந்து விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, “பால் கொட்டிப் போச்சே தம்பி” என்றுதான் சொன்னார்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். அதனால்தான் மஞ்சள் பின்னணியில் அந்தத் தற்காலிகப் பலகைகளைப் பள்ளத்துக்கு வெகு முன்னாலேயே வைக்கச் சொல்கிறார்கள். பாதி சாலையை அடைப்பதென்றால் எந்தப் பலகை எங்கே, நடப்பவர் எந்த வழியே போவது என்பதற்குத் தனி வரைபடமே உண்டு. எங்கள் தெருவுக்கு யாராவது அதைப் போட்டிருந்தால் ஆயா விழுந்திருக்க மாட்டார்.

“தொலைத்தொடர்புச் சட்டமே எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை” என்று சில கான்ட்ராக்டர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மைதான். பிரிட்டோரியா அடங்கிய ட்ஷ்வானே மாநகராட்சி தொடுத்த வழக்கில் 2015-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: நிலத்துக்குள் வர உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை, ஆனால் மாநகராட்சியின் துணைவிதிகளுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

தாமதம் இருப்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் எத்தனையோ எங்களைப் போன்றவர்களின் அவசரத்தால் கெட்டவை. தெருவின் அளவு தப்பாக இருக்கும், போக்குவரத்து வரைபடம் வேறு ஏதோ வேலையிலிருந்து எடுத்து ஒட்டியதாக இருக்கும். அதை நாங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் யாராவது தோண்ட வந்தால் வேலீவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இடத்தில் அது இருந்தாக வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். காட்ட மறுத்தால் பள்ளத்தையும் வண்டி எண்ணையும் படமெடுத்து அன்றைக்கே உங்கள் வார்டு கவுன்சிலருக்கு அனுப்பிவிடுங்கள். வேலை செய்கிற பையன்களிடம் சத்தம் போடாதீர்கள், அவர்கள் கையில் எதுவும் இல்லை. மேஸ்திரியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வரைபடப் பணியாளர் ஒருவர்,
லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்